ஆறு கடந்தால் நீ யார்?

(பத்தாம் வகுப்பு மாணவி)

“ஆறு கடக்கிற வரையில் அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார், நான் யார்?” என்று நம் பெரியவர்கள் ஒரு பழமொழி சொல்வார்கள். காரியம் முடிந்ததும் உதவியவரை மறந்துவிடும் மனிதரைச் சுட்டிக் காட்டுவதற்காகச் சொன்ன சொல் இது. என்னைக் கேட்டால், மனிதரைவிடப் பாலங்களுக்கே இது அதிகம் பொருந்தும் என்பேன். கோயிலுக்குப் போகிறவர் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார். கோட்டைக்குப் போகிறவர் மதிலைத் தொட்டுப் பார்க்கிறார். பாலத்தின்மேல் போகிறவரோ அக்கரையைத்தான் பார்க்கிறார். கால் அக்கரையில் பட்டதும் பாலம் மறந்து போகிறது.

பழைய பாலங்களையும் கோயில்களையும் கோட்டைகளையும் போலவே காக்க வேண்டும் என்பதும், காப்பது என்றால் ஓர் அறிவிப்புப் பலகை நட்டுவிட்டு வருவதன்று என்பதும் என் கருத்து. தோழியரும், அருட்சகோதரியரும், பெற்றோரும் இதைப் படித்து, சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டுகிறேன்.

திருப்போரூரில் இருப்பவர்களுக்குப் ‘பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம்’ என்னும் சொல் புதிதல்ல. சிறிது நேரம் பேருந்தில் சென்றால் மாமல்லபுரம் வந்துவிடும். கடற்கரைக் கோயிலும், ஐந்து ரதங்களும், அருச்சுனன் தபசும் வேலிக்குள் பத்திரமாக இருக்கின்றன. 1984-ஆம் ஆண்டிலேயே அவை உலகப் பாரம்பரியச் சின்னங்கள் ஆகிவிட்டன. அவற்றை ஏன் காக்க வேண்டும் என்று நம்மில் ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு பாலத்தைக் காட்டி, “இதையும் அப்படிக் காக்க வேண்டும்” என்று சொன்னால் உடனே சிரிப்பு வரும். “பாலத்தில் என்ன சிலையா இருக்கிறது?” என்பார்கள்.

சிலை இல்லாத ஒரு பாலத்தையும் நம் நாடு காத்து வருகிறது. ஒடிசா மாநிலத்தில், பூரி நகருக்குள் நுழையும் வழியில் ‘அட்டார நாளா’ என்றொரு பழைய கற்பாலம் இருக்கிறது. ‘அட்டார’ என்றால் பதினெட்டு; ‘நாளா’ என்றால் நீர் ஓடும் வழி. கங்க அரசர்கள் காலத்தில், 13-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. நீளம் ஏறத்தாழ 85 மீட்டர், அகலம் 11 மீட்டர். ஒரு சிற்றாற்றின் மேல் செம்புரைக்கல்லால் கட்டிய அந்தப் பாலம் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நிற்கிறது. ஜகந்நாதரைத் தரிசிக்க நாள்கணக்கில் நடந்து வந்த அடியார்கள் அதன்மேல்தான் ஊருக்குள் நுழைந்தார்கள். இன்று அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

இந்தக் கங்க அரசர்கள் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். பூரிக் கோயிலைக் கட்டத் தொடங்கிய அனந்தவர்மன் சோடகங்கனின் தாய் ஒரு சோழ அரசகுமாரி. அவன் பெயரிலேயே சோழம் இருக்கிறது. முதலாம் குலோத்துங்கனின் படை அதே கலிங்கத்தின்மீது சென்று வென்றதைத்தான் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியாகப் பாடினார். எத்தனை யானைகள், எத்தனை குருதி என்றெல்லாம் நாம் படிக்கிறோம். அந்த நாட்டார் பின்னர்க் கட்டிய பாலத்தைப் பற்றி ஒரு வரிகூடப் படிப்பதில்லை. போர் ஆற்றைக் கடந்து போய் அழித்தது. பாலம் ஆற்றைக் கடக்க வைத்து வாழ்வித்தது. எதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நானே சொல்ல வேண்டுமா?

அந்தப் பாலத்தைக் கட்டிய முறையும் அறியத் தக்கது. இக்காலப் பாலங்களில் உள்ளதுபோல வில்லாக வளைத்துக் கட்டிய வளைவு அதில் இல்லை. ஒரு தூணின்மேல் ஒரு கல்லை வைத்து, அதன்மேல் வைக்கும் கல்லைச் சற்றே முன்தள்ளி வைப்பார்கள். அதற்கு மேற்கல்லை இன்னும் சற்று முன்தள்ளுவார்கள். எதிர்த் தூணிலும் அப்படியே செய்துகொண்டு வந்தால், இரு பக்கத்துக் கற்களும் நடுவில் நெருங்கிவிடும். பிறகு மேலே ஒரு கல்லை வைத்து மூடிவிடலாம். நோட்டுப் புத்தகங்களை மேசை விளிம்பில் அடுக்கி நீங்களும் செய்து பார்க்கலாம். பின்பக்கம் போதிய பாரம் இல்லாவிட்டால் அடுக்கு சரிந்துவிடும். அதனால்தான் அந்தக் காலத்துப் பாலங்களுக்குத் தூண்கள் தடிமனாகவும், நீர்வழிகள் குறுகலாகவும், எண்ணிக்கையில் அதிகமாகவும் இருக்கின்றன. பதினெட்டு வழி வைத்தது அழகுக்காக அல்ல, கணக்கு அப்படி.

அந்தப் பாலத்தைப் பற்றி ஒரு கதையும் உண்டு. ஆற்றின் வேகத்தில் பாலம் நிற்கவே இல்லையாம். அரசன் தன் பதினெட்டு மக்களையும் பலி கொடுத்த பிறகுதான் நின்றதாம். இக்கதையை நான் நம்பவில்லை. எந்த இறைவனும் பாலத்துக்காகப் பிள்ளைகளைக் கேட்பதில்லை. ஆனாலும் அக்கால மக்கள் ஏன் இப்படி ஒரு கதை சொன்னார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். ஆற்றின் நடுவே தூண் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதை அவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். எத்தனையோ பெயர் தெரியாத கூலியாட்கள் அந்த நீரில் உயிரை விட்டிருக்கக் கூடும். அந்தத் துயரம்தான் அரசகுமாரர்களின் கதையாக மாறியதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, அரசு பாதுகாக்கிறது என்றால் என்ன பொருள்? 1958-ஆம் ஆண்டில் பழைய நினைவுச் சின்னங்களுக்கான மத்தியச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின்கீழ் ஒரு சின்னம் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டால், அதை இடிப்பதும் சேதப்படுத்துவதும் குற்றம். 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரையில் அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும். சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால் பட்டியலில் பெயர் ஏறிய பிறகுதான் சட்டம் பேசும். பெயர் ஏறும்வரை காப்பது யார்?

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. சென்னை சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே இப்போது மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது அல்லவா? அந்த இடத்தில் அதற்கு முன் ஒரு பழைய பாலம் இருந்தது. ‘மார்மலாங் பாலம்’ என்று வெள்ளையர் அழைத்தார்கள். நம் மாம்பலத்தைத்தான் அவர்கள் நாக்கு அப்படிப் புரட்டியது என்பர். 1726-ஆம் ஆண்டில் அதைக் கட்டியவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். நம் செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்த பரங்கிமலைக்குத் திருப்பயணம் போனவர்கள், மலையேறும் நூற்றுக்கு மேற்பட்ட கற்படிகளில் ஏறியிருப்பீர்கள். அந்தப் படிகளைக் கட்டி வைத்தவரும் இவரே. ஆற்றைக் கடக்க ஒரு பாலம், மலை ஏறப் படிகள்! எங்கிருந்தோ வந்த ஒருவர் நம் மக்களின் கால்வலியை நினைத்திருக்கிறார்.

பாலத்துக்கு அவர் செலவிட்டது 30,000 வராகன் என்று கூறுவர். என்னை வியக்க வைத்தது அந்தத் தொகை அல்ல. பாலத்தைப் பராமரிப்பதற்கென்று தனியாக 1,500 வராகனும் அவர் வைத்தார். கட்டிவிட்டுப் பெயர் பொறித்துவிட்டுப் போகிறவர்கள் பலர். தான் கண்மூடிய பிறகு யார் பாசியைச் சுரண்டுவார்கள், யார் விரிசலை அடைப்பார்கள் என்று எண்ணிப் பணம் வைத்தவர் எத்தனை பேர்?

இரு நூற்றாண்டுகளுக்கு மேல் உழைத்த அந்தப் பாலம் இன்று இல்லை. 1966-ஆம் ஆண்டில் அதன் இடத்தில் புதிய பாலம் வந்துவிட்டது. பாலத்தைப் பற்றி அயல்மொழிகளில் பொறித்த கல்வெட்டு மட்டும் மிஞ்சியது. அதே 1966-ஆம் ஆண்டில்தான் நம் மாநிலத்திலும் பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டம் இயற்றப்பட்டது. ஒரு கையால் சட்டம் எழுதினோம். மறு கையால் பழம்பாலத்துக்கு விடை கொடுத்தோம்.

இங்கே பெற்றோர் ஒரு கேள்வி கேட்பார்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். “பழைய பாலம் என்று கட்டிக்கொண்டு அழுதால் பேருந்து எப்படிப் போகும்? பிரசவ வலி எடுத்தவளை ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டு போவது? மனிதரை விடக் கல் பெரிதா?” நியாயமான கேள்வி. மறுக்க முடியாது. மனிதர் கடப்பதற்காகத்தான் பாலமே தவிர, படம் பிடிப்பதற்காக அல்ல.

ஆனால் இடிப்பதா, மக்களைத் தவிக்க விடுவதா என்ற இரண்டே வழிகள்தான் உண்டா? ஹம்பியைப் பாருங்கள். துங்கபத்திரை ஆற்றில் விஜயநகர அரசர் காலத்துப் பாலம் ஒன்றின் கற்றூண்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. மேலே தளம் இல்லை. கரையிலுள்ள ஊரார் பரிசலில்தான் ஆற்றைக் கடந்து வந்தார்கள். அவர்களுக்குப் பாலம் தேவைதான். ஆனால் பாரம்பரியச் சின்னங்களுக்கு மிக அருகிலேயே புதிய பாலங்களைக் கட்டத் தொடங்கியதால், 1999-இல் ஹம்பி ‘ஆபத்தில் உள்ள உலகப் பாரம்பரியச் சின்னங்கள்’ பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2006-இல்தான் அதிலிருந்து விடுபட்டது. வேலை நடந்துகொண்டிருந்த ஆனெகுந்திப் பாலம் 2009 ஜனவரியில் இடிந்து விழுந்தது. உழைக்க வந்தவர்கள் உயிரிழந்தார்கள். முதலிலேயே இடத்தை ஆராய்ந்து, தள்ளி ஓரிடத்தைத் தேர்ந்திருந்தால் ஊராருக்கும் இத்தனை ஆண்டு காத்திருப்பு இல்லை. பழஞ்சின்னத்துக்கும் ஆபத்து இல்லை.

நல்ல எடுத்துக்காட்டு நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணியின்மேல் இருக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆட்சியர் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர், படகுத் துறையில் மக்கள் படும் பாட்டைப் பொறுக்காமல் தம் செல்வத்தைக் கொடுத்துக் கட்டிய பாலம் அது. அவர் மனைவி தம் நகைகளையும் கழற்றிக் கொடுத்தார் என்று அவ்வூரார் இன்றும் சொல்கிறார்கள். (அந்த அம்மையாரின் பெயரைப் பாலத்துக்கு ஏன் சூட்டவில்லை என்று கேட்க எனக்கு ஆசைதான். அது வேறு கட்டுரை!) போக்குவரத்துப் பெருகியபோது அதை இடிக்கவில்லை, அகலப்படுத்தினார்கள். பின்னும் பெருகியபோது அருகே இன்னொரு பாலம் கட்டினார்கள். பழைய பாலம் இன்னும் உழைக்கிறது. மனிதருக்கும் கல்லுக்கும் சண்டை மூட்டாமலே வழி கண்டுபிடிக்க முடியும் என்பதற்கு இது சான்று.

அடுத்து, பாலத்தைக் காப்பது எப்படி? பாலம் மேலிருந்து சாவதில்லை, காலடியிலிருந்துதான் சாகிறது. வெள்ளம் வரும்போது தூணைச் சுற்றி நீர் சுழன்று மணலை அரிக்கிறது. மணல் போனால் அடித்தளம் தெரிகிறது. அடித்தளம் தெரிந்தால் பாலத்துக்கு நாள் எண்ண வேண்டியதுதான். இயற்கை அரிப்பது போதாதென்று நாமும் லாரி லாரியாக மணல் அள்ளுகிறோம். பாலாற்றை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாலாறு என்று பெயர். பாலும் இல்லை, நீரும் இல்லை, மணலும் குறைந்து போயிற்று.

இரண்டாவது பகை மரக்கன்று. கல்லிடுக்கில் காக்கை போட்ட ஒரு விதை அரசாகவோ ஆலாகவோ முளைக்கிறது. இரண்டு இலையில் இருக்கும்போது ஒரு சிறுமிகூடப் பிடுங்கி எறிந்துவிடலாம். பத்து ஆண்டு விட்டுவிட்டால், வேர் கல்லையே பிளந்துவிடும். பிறகு வல்லுநர் வந்தாலும் தலையைச் சொறிவார். மூன்றாவது பகை குப்பையும் ஆகாயத்தாமரையும். நீர்வழி அடைபட்டால் வெள்ளம் பாலத்தையே தள்ளப் பார்க்கும். நான்காவது பகை, நல்லெண்ணத்தோடு பூசும் சிமெண்டு! பழைய சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். பூசியவர் போன பிறகு கல் உள்ளுக்குள் உதிரத் தொடங்கும். கல்லின் குணம் தெரிந்தவர்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. உளி பிடித்துப் பழகிய கைகள் மாமல்லபுரத்தில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவர்களைச் சிலை செய்யச் சொல்கிறோமே தவிர, ஒரு பழைய மதகையோ பாலத்தையோ செப்பனிடக் கூப்பிடுகிறோமா?

பெரிய பாலங்களை விடுங்கள். பட்டியலில் என்றைக்கும் ஏறாத சின்னப் பாலங்கள் நம் கிராமங்களில் எத்தனை! எங்கள் பாட்டியின் ஊரில் ஏரியிலிருந்து வயலுக்குப் போகும் கால்வாயின் குறுக்கே மூன்று நீண்ட கற்பலகைகள் கிடந்தன. நெற்கட்டுச் சுமந்தவர்களும், ஆடு மாடு ஓட்டியவர்களும், புத்தகப் பையோடு போன பிள்ளைகளும் நடந்து நடந்து நடுவில் வழவழவென்று பள்ளம் விழுந்திருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே குழாய் பதித்துச் சிமெண்டுப் பாலம் போட்டார்கள். டிராக்டர் போக வேண்டும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்று கற்களையும் சம்மட்டியால் உடைத்து அடியில் கொட்டிவிட்டார்கள். “ஒடைக்கணுமா? ஓரமாப் போட்டிருந்தா களைச்சி வரவ குந்தவாவது ஆயிருக்குமே” என்று பாட்டி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதில் ஒரு கல்லின் ஓரத்தில் எழுத்து இருந்ததாம். என்ன எழுத்து, எந்தக் காலத்தது, யார் பெயர்? படி எடுத்து வைத்தவர் ஒருவரும் இல்லை. இனி யாராலும் சொல்ல முடியாது.

எழுத்து இருந்தால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உத்திரமேரூருக்குப் போய்ப் பார்க்க வேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. குடவோலைத் தேர்தலைப் பற்றி நாம் பாடத்தில் படிப்பது அந்தக் கற்களில் இருப்பதுதான். யாராவது ஒருவர் அவற்றைச் சம்மட்டியால் உடைத்திருந்தால் அந்தப் பாடமே இல்லை. அக்கல்வெட்டுகளில் ‘ஏரி வாரியம்’ என்ற குழுவைப் பற்றிக் கூறப்படுகிறது. ஏரியைக் கவனிப்பதற்கென்றே ஆண்டுதோறும் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் நம் தொண்டை மண்டலத்து ஊரார், ‘கட்டியாயிற்று, இனி அதுவே நிற்கும்’ என்று எண்ணவில்லை. இந்த ஆண்டு யார் பொறுப்பு என்று பெயர் சொல்லி வைத்தார்கள். பெத்ரூஸ் உஸ்கான் 1,500 வராகன் வைத்ததும் இதே எண்ணத்தில்தான். பாதுகாப்பு என்பது பலகையில் எழுதும் சொல் அல்ல. ஆண்டுதோறும் ஒருவர் செய்ய வேண்டிய வேலை.

ஆகவே என் யோசனைகளைப் பணிவோடு முன்வைக்கிறேன்.

முதலாவது, நம் பள்ளியில் ஒரு பதிவேடு வைப்போம். ஒவ்வொரு மாணவியும் தன் ஊரிலுள்ள பழைய கற்பாலம், மதகு, படித்துறை ஆகியவற்றை விடுமுறையில் பார்த்து, நீள அகலம் அளந்து, படம் வரைந்து, எழுத்து இருந்தால் குறித்துக்கொண்டு வரட்டும். ஐம்பது ஊர்ப் பெண்கள் படிக்கும் பள்ளியில் ஓர் ஆண்டுக்குள் ஐம்பது பக்கம் சேர்ந்துவிடும். அதன் ஒரு படியை அரசு தொல்லியல் துறைக்கு அனுப்பலாம்.

இரண்டாவது, பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். குடியரசு நாள், மே தினம், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் முதலிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. “நம் ஊர்ப் பழைய மதகுக்கும் பாலத்துக்கும் இந்த ஆண்டு யார் பொறுப்பு?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். புதிய பாலம் தேவையானால் தாராளமாகக் கேளுங்கள். பழைய கற்களை உடைக்காமல் ஓரமாக வைக்க வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

மூன்றாவது, நாட்டு நலப்பணி என்று சொல்லிக் கோயில் வாசலையும் கடற்கரையையும் பெருக்குகிறோமே, மழைக்காலம் தொடங்குமுன் ஒரு நாள், ஆசிரியைகள் துணையோடு, பெரியவர்கள் காட்டும் ஆபத்தில்லாத இடத்தில், ஒரு சின்னப் பாலத்தின் நீர்வழியைச் சுத்தம் செய்யலாம். இரண்டு இலை விட்ட அரசங்கன்றைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் மரமும் பிழைக்கும், பாலமும் பிழைக்கும்.

“பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குத் தேர்வைவிட இதெல்லாம் முக்கியமா?” என்று சிலர் கேட்கலாம். தேர்வும் ஒரு பாலம்தானே! பெற்றோரும் ஆசிரியைகளும் தூணாக நிற்க, அதன்மேல் நடந்துதான் நாங்கள் அக்கரைக்குப் போகிறோம். அக்கரை சேர்ந்ததும் “நீ யார்?” என்று கேட்கிற பெண்களாக எங்களை நீங்கள் வளர்க்கவில்லை. அதே நன்றியை வாய் பேசாத கல்லுக்கும் கொஞ்சம் காட்டுவோம்.

அடுத்த முறை ஒரு பழைய பாலத்தைக் கடக்கும்போது, தோழியரே, ஒரு நிமிடம் நில்லுங்கள். பத்திரமாகக் கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே எட்டிப் பாருங்கள். தூணைச் சுற்றி மணல் இருக்கிறதா, கல்லிடுக்கில் கன்று முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். பார்த்ததை ஒருவரிடமாவது சொல்லுங்கள்.